சரிந்த பனிக்குள்ளிருந்து என் கணவரைத் தந்த முருகன்

போன ஆகஸ்டில், நியூசிலாந்துத் தென்தீவின் மலையொன்றில், என் கணவர் ரமணன் என் கண் முன்னாலேயே பனிக்குள் மறைந்தார். அடியார்களே, அந்த வேளையை இன்றும் நடுங்காமல் நினைக்க முடியவில்லை.

நாங்கள் ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் வசிக்கிறோம். குளிர்காலம் வந்தால் இருவரும் தெற்கே போவோம். சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிப்ட் இல்லாத மலைகளில் எங்கள் கால்பலத்தாலேயே ஏறி, பனியில் சறுக்கி இறங்குவோம். அன்று நாங்கள் ஏறிக்கொண்டிருக்க, ஒரு ஹெலிகாப்டர் எதிர்முகட்டில் சறுக்குபவர்களை இறக்கிவிட்டுப் போனது. ரமணனுக்குக் கோபம்.

"நாங்கள் விடியத் தொடங்கி ஏறுறம். இவை வந்து குதிக்கினம், பாருமன்," என்றார்.

முந்தின நாள் காற்று பலம். அது அள்ளிவந்த பனி சரிவில் பலகைபோல் படிந்து கிடந்தது. ஓரத்தால் கடப்போம் என்று ரமணன் முதலில் போனார். பலகை உடைந்தது. மலையே இறங்கியது போலிருந்தது. பனித்தூள் அடங்கியபோது அவர் இல்லை.

ரமணன் அணிந்திருந்த கருவியின் சமிக்ஞையைக் காட்டும் இன்னொரு கருவி என் மார்பில் இருந்தது. அது காட்டிய இடத்தில் நீளக் கம்பியால் குத்தினேன். தட்டுப்பட்டது. தோண்டினேன். சரிந்த பனி சீமெந்தாய் இறுகியிருந்தது. ஒருத்தியால் ஆகிற வேலையா அது? எத்தனையோ பதிகம் பாடமாக்கிய எனக்கு ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"முருகா, என்னால ஏலாது. ஆரையாவது அனுப்பு!"

அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மண்வெட்டியோடு மனிதர்கள் சறுக்கி வந்தார்கள். அந்த ஹெலிகாப்டரில் வந்தவர்கள்தான். எல்லோருமாகத் தோண்டினோம். ரமணனின் முகம் நீலம் பாரித்திருந்தது. அவர்களுடைய வழிகாட்டி அவர் வாயிலிருந்த பனியை அகற்றி மூச்சுக் கொடுத்தார். ரமணன் இருமினார். அந்த இருமலைக் கேட்டு நான் கதறி அழுதேன். அவர்களுடைய ஹெலிகாப்டரே திரும்பி வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

பிறகு வழிகாட்டி சொன்னார்: அவர்கள் அடுத்த பள்ளத்தாக்கில் இறங்க இருந்தார்களாம். ஒருவரின் சப்பாத்துக் கொளுவி கழன்றதால் முகட்டில் தாமதித்தார்களாம். அதனால்தான் பனி சரிந்ததைக் கண்டார்களாம். தற்செயல் என்றார். நான் அவரோடு வாதாடவில்லை.

இப்போதும் மலைக்குப் போகிறோம். ஆனால் காற்றடித்த சரிவுகளைத் தொடுவதில்லை. ஹெலிகாப்டர்காரரிடம் கதைத்து, அன்றன்று யார் எந்தப் பக்கம் என்று தீர்மானித்த பிறகே ஏறுகிறோம்.

அதுவரை கோயிலின் கார் தரிப்பிடத்தைத் தாண்டாத ரமணன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், காயப்பட்ட காலுக்கு ஊன்றுகோலோடு சந்நிதிக்கு வந்தார். வெகுநேரம் நின்றார்.

"என்னப்பா கேட்டனீங்கள்?" என்றேன்.

"கேக்க என்ன இருக்கு? மூச்சு விட்டுக்கொண்டு நிண்டனான்."

துன்பத்தில் தவிப்பவர்களே, பாடல் வராவிட்டாலும் கூப்பிடுங்கள். நீங்கள் வெறுத்தவர்களின் கையாலும் அவன் உங்களைத் தூக்குவான்.