இலிங்காவின் அலமாரி

சனிக்கிழமை வந்தால் சவேத்தாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. பொடொஷானி சந்தைக்குப் போய் மகள் இலிங்காவுக்கு ஒரு சட்டையாவது வாங்கினால்தான் மூச்சு சீராகும். இலிங்கா காய்ச்சலில் இறந்து ஐந்து வருடமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பைத்தியக்காரத் தாய் வருடத்துக்கு வருடம் ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொண்டே இருந்தாள். அந்த உலகத்தில் பிள்ளை குளிரில் நிற்கக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

ஒருநாள் அலமாரிக் கதவு மூடவில்லை. கணவன் கொஸ்தாகே தோளால் முட்டித் தள்ளிப் பார்த்துவிட்டு வெடித்தான்.

"செத்தவங்க பேரச் சொல்லி யாருக்காவது குடுத்தாத்தானே அவங்களுக்குப் போய்ச் சேரும்? பூட்டி வச்சா பூச்சிக்குத்தாண்டி போய்ச் சேரும்! அஞ்சு வருஷமா எம்பொண்ணு குளிர்லதான் நிக்கிறா!"

ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அவளுக்கு மறந்தா போயிற்று? கொடுத்துவிட்டால் மகள் செத்தது உறுதியாகிவிடும். அதனால்தான் கை வரவில்லை.

மறு சனிக்கிழமை கால் பரபரத்தபோது அவள் சந்தைப் பையைத் தொடாமல் அலமாரியைத் திறந்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். யாருக்குப் பொருந்தும் என்று யோசித்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து, வழக்கப்படி ரொட்டியும் மெழுகுவத்தியும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடையில் பொறுக்கும் சுகத்தில் பாதி இதிலும் இருந்தது. மீதிப் பாதிக்காக வாராவாரம் அழுதாள். சந்தைப் பக்கம் மட்டும் போகவில்லை.

கடைசியாக மிஞ்சியது, பதினாறு வயதுக்கென்று வாங்கிய சிவப்புக் கோட்டு. இலிங்காவோடு ஒரே பெஞ்சில் படித்த ஸ்மராண்டாவைக் கூப்பிட்டாள். அவள் போட்டுப் பார்த்தாள். கோட்டின் கை பாதியிலேயே நின்றது, பொத்தான் எட்டவில்லை.

"சின்னதா இருக்கே அத்தை. அளவு தெரியாம வாங்கிட்டீங்களா?"

சவேத்தா அண்ணாந்து பார்த்தாள். பதினாறு என்றால் இத்தனை உயரமா?

"பதினாறு எப்படி இருக்கும்னு நான் எங்கடி கண்டேன்? எம்புள்ள பதினொண்ணுலயே செத்துட்டாளே!"

ஐந்து வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்மராண்டா கோட்டைக் கழற்றவில்லை.

"கடவுள் ஏத்துக்கட்டும், அத்தை" என்று, செத்தவர் பேரில் தானம் வாங்குகிறவர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பிறகு குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சவேத்தாவின் தலை அந்தப் பெண்ணின் தோளுக்குத்தான் எட்டியது.