எண் பொருந்திய ரைஃபிள்

ஏழுமலையின் வலது கண் போனதற்கு நான்தான் காரணம். அவனுடைய அவசரம் காரணமில்லை. தோட்டாவின் கோளாறும் இல்லை. நான்! ஆறு வருடங்களாக ஊர் வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறது. அவனும் அதையே நம்புகிறான். நம்ப வைத்தவனும் நானே.

என்னைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகமே வராது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட் வேலை, வாசலில் நாலு செம்பருத்திச் செடி. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்பார்களே... அந்த ரகம்.

எனக்கிருந்த ஒரே பித்து, பழைய பாயிண்ட் டூ டூ ரைஃபிள்கள். லைசென்ஸ் உண்டு, எல்லாம் முறைப்படிதான். எங்கள் ஊரில் ஜன்னலைச் சாத்தினாலும் நிலக்கரித் தூசி வீட்டுக்குள் வந்துவிடும். அதோடு ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் இரும்பு நாலே நாளில் சிவந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழலுக்குள் ஃபிளானல் துணி விட்டுத் துடைப்பேன், எண்ணெய் போடுவேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெற்ற மகளுக்கு ஒருநாளாவது எண்ணெய் தேய்த்துவிட்டேனா என்று கேட்டால், நினைவில்லை.

என்னிடமிருந்த இரண்டில் ஒன்று இங்கிலாந்தில் செய்தது. என் அப்பாவைவிட மூத்தது. அதன் குழலில் பொறித்த எண்ணும் போல்ட்டில் பொறித்த எண்ணும் ஒன்றே. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்புத் தண்டுதான் போல்ட். இத்தனை வருடம் கழித்தும் இரண்டும் பிரியாமல் இருப்பது அபூர்வம். சேகரிப்பவர்களுக்கு அது ஜாதகப் பொருத்தம் மாதிரி. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்த பூரிப்பு இருக்கிறதே... சே!

ஆனால் அந்த போல்ட் தேய்ந்துபோயிருந்தது. இந்த வகைத் தோட்டாவுக்கு அடிப்பக்க விளிம்பில்தான் வெடிக்கிற மருந்து. போல்ட் இறுக்கிப் பிடிக்காவிட்டால் விளிம்பு கிழிந்து பின்பக்கம் வெடிக்கும். சென்னையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் எண் இல்லாத வேறொரு போல்ட்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பழச பொட்டில வெச்சு அழகு பாருங்க சார். அத மாட்டி சுட்டா பித்தளையும் நெருப்பும் மூஞ்சிலதான் வந்து அடிக்கும்."

நன்றாகக் காதில் விழுந்தது. தலையும் ஆட்டினேன்.

ஏழுமலை வளையமாதேவிக்காரன். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அவன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் பேசிப் பழகி, நானே அவனை எங்கள் சின்னத் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். என்ன கண் அவனுக்கு! ஐம்பது மீட்டரில் பொட்டு வைத்தால் பொட்டில் அடிப்பான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நிலம் கொடுத்தவர்களுக்கான வேலைப் பட்டியலில் அப்போதுதான் அவன் பெயர் வந்திருந்தது. மெடிக்கலுக்கு இன்னும் பதினொரு நாள். அதில் தேறிவிட்டால் பெர்மனென்ட்! அவன் மனைவி செல்வி, எந்த பிளாக்கில் தண்ணீர் நன்றாக வரும் என்று என் மனைவியிடம் விசாரிக்கக்கூடத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் என் ரைஃபிளைப் பார்க்க வந்தார். அவரும் சேகரிப்பவர், பெரிய கை. அவருக்குக் காட்டுவதற்காகக் காலையிலேயே பழைய போல்ட்டை மாட்டிவிட்டேன். புதியது துணியில் சுற்றி உறைக்குள் கிடந்தது.

சங்கத்து மைதானத்தில் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அட, நம்பர் பிசகாம அப்படியே இருக்குதுங்களே! நானும் எத்தனையோ பாத்துட்டனுங்க..." என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சுடறதுக்கு எப்படிங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான். "நா ரெண்டு ரவுண்டு போட்டுக் காட்டுறேங்க. ண்ணா, போடட்டா?"

சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம்டா, இந்த போல்ட் பார்வைக்கு மட்டும்தான். அவ்வளவுதானே! ஆனால் சொன்னால் கோயம்புத்தூர்க்காரரின் முகம் சுருங்குமே... என் ரைஃபிள் வெறும் பொம்மையாகிவிடுமே... இரண்டு ரவுண்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

"போடு" என்றேன்.

முதல் ரவுண்டு பொட்டில் விழுந்தது. எல்லாரும் இலக்கைப் பார்த்துக் கை தட்டினார்கள். இரண்டாவதின் சத்தமே வேறாக இருந்தது. ஏழுமலை ரைஃபிளை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடும் வழக்கம் எங்களில் எவனுக்கும் இல்லை.

"தூக்கிட்டுப் போங்க! நான் ரைஃபிளப் பத்திரப்படுத்திட்டு வர்றேன்" என்று கத்தினேன். பொறுப்பான ஆள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கார் கிளம்பியது. நான் பழைய போல்ட்டை உருவினேன், ரத்தத்தைத் துடைத்தேன், துணியிலிருந்த புதியதைச் செருகினேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை... அவன் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன், அவன் துடித்த இடத்தில் மண் ஈரமாக இருக்கிறது, எனக்குக் கை நடுங்கவில்லை!

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவன் என்னிடம்தான் கேட்டான். "என்னா ஆச்சிண்ணா? நா என்னா பண்ணேன்? ஒண்ணுமே ஞாவகம் இல்லியே."

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. விசை அழுத்தியும் தோட்டா வெடிக்காவிட்டால் அப்படியே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். தாமதமாக வெடிக்கலாம் என்பதால், அதற்கு முன் போல்ட்டைத் திறக்கக் கூடாது.

"ரெண்டாவது ரவுண்டு உடனே வெடிக்கல, ஏழுமலை. நீ முப்பது எண்ணாம தொறந்துட்ட" என்றேன்.

அவன் கண் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்: "ஒங்க ரைஃபிளுக்கு ஒண்ணும் ஆவலியேண்ணா?"

அங்கேயே நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. "ஒண்ணும் ஆகல" என்று பதில் சொன்னேன்.

விசாரிக்க வந்தவர்கள் ரைஃபிளைப் பார்த்தார்கள். போல்ட் இறுக்கமாக இருந்தது. கிழிந்த தோட்டாக் கூட்டையும் கொடுத்தேன். அது இரண்டு கதைக்குமே பொருந்தும். கோயம்புத்தூர்க்காரர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இருக்குமுங்க" என்றார். முடிந்தது.

மெடிக்கலில் அவன் தேறவில்லை. கான்ட்ராக்டும் போனது. இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும். செல்வி டம்ளரை அவன் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்வாள். குவார்ட்டர்ஸைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்கிறீர்களா? போன வாரம் அவன் வெற்றிலை பாக்கோடு வந்தான். மகளுக்குக் காது குத்து. "செல்விக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்கதாண்ணா தாய்மாமனா ஒக்காரணும். புள்ளைய ஒங்க மடியிலதான் ஒக்கார வைக்கணும்னு செல்வி அடம் பிடிக்குது."

என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே பழைய போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வடக்குத்து கிராமத்தில் அவன் வாடகை வீட்டுக்குப் போனேன். செல்வியையும் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் எச்சரித்தது, கோயம்புத்தூர்க்காரர், "போடு" என்றது, போல்ட்டை மாற்றியது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்... ஒன்றையும் விடவில்லை.

ஏழுமலை சிரித்தான்!

"எதுக்குண்ணா எம் பழிய நீங்க தூக்கிக்கறீங்க? நா வேதனப்பட்டுகினு இருக்கேன்னு தானே? நா எண்ணலண்ணா. பத்து கூட எண்ணல. அவசரப்பட்டு தொறந்தேன். எனக்கு நல்லா ஞாவகம் இருக்குது."

ஞாபகம் இருக்கிறதாம்! நான் சொல்லிக்கொடுத்த பொய்... அவனுக்குள் அது ஞாபகமாகவே ஆகிவிட்டது.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவங்க கூட இப்பிடி பேச மாட்டாங்கண்ணா" என்றாள்.

பை என் மடியில்தான் இருந்தது. போல்ட்டை எடுத்து அவன் கையில் வைத்து, தேய்ந்த முகத்தைத் தடவிப் பார் என்று சொல்லியிருக்கலாம். துப்பாக்கி தெரிந்தவன், ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பான். ஜிப்பில் கூட விரலை வைத்தேன்.

எடுக்கவில்லை.

"இனிமே இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. மீதி இருக்கிற இந்தக் கண்ணு மேல சத்தியம் பண்ணுங்க" என்று உள்ளங்கையை நீட்டினான்.

பண்ணினேன். அவன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அழுதுகொண்டே பண்ணினேன் என்று எழுதத்தான் ஆசை... ஆனால் அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்! அந்த ஈனத்தை வேறு எந்தப் பெயரிட்டுச் சொல்வேன்?

வரும் வெள்ளிக்கிழமை காது குத்து. குழந்தை என் மடியில் உட்காரும். ஆடாமல் இருக்க, அதன் தலையை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.