ஒன்றரை அடி முன்னால்

லோகநாதன் வியாசர்பாடியில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தான். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, மனைவி பட்டம்மாளை அரக்கோணத்தில் அவள் அக்கா வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பினான். அவனுக்கு ராணுவக் கிடங்கில் லாரி ஓட்டும் வேலை. கூடப் போக விடவில்லை. குண்டு விழவில்லை; பட்டம்மாளுக்கு அங்கே வாந்திபேதி கண்டது. செய்தி அவனிடம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். லாரியின் முன்பக்கத்தில் ஒண்டியாக உட்கார்ந்து ஓட்டுகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதுமில்லை. சண்டை முடிந்து ராணுவ வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. திருநெல்வேலிப் பக்கத்து ராமசுப்பு ஒரு லாரியையும் அதன் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லரையும் எடுத்தார். அதை ஓட்ட லோகநாதனை வைத்துக்கொண்டார். ஹார்பரில் இறங்கும் கனத்த சாமான்களைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து ஃபாக்டரிகளுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். ட்ரெய்லருக்குத் தனி பிரேக். அதன் கைச்சக்கரத்தைச் சுற்றி இறுக்குகிறவனுக்கு ட்ரெய்லரின் முன்முனையில் ஓர் இருக்கை. அதில் உசேன் உட்காருவான். ஆறு வருஷமாக இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். லோகநாதன் ஹார்ன் அடித்தால் உசேன் இறுக்குவான், அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம். ஒரு பாய்லர் வந்திருந்தது, எட்டு டன். கிரேன்காரன் காலையில் ட்ரெய்லர்மேல் இறக்கிவிட்டுப் போய்விட்டான். லோகநாதன் எப்போதும்போல் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். லாரியும் ட்ரெய்லரும் சேரும் கொக்கியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"மொதலாளி, இத்த இப்டியே இஸ்துகினு போவ முடியாது. வந்து பாரு, கொக்கி மேல தூக்கிக்கினு கீது."

"தூக்குனா என்னய்யா?"

"பின்னால வெயிட்டு ஜாஸ்தி. முன்னால கொஞ்சம் லாரிமேல அழுத்தணும். இல்லாங்காட்டி ரோட்ல போவ சொல்லோ வாலு ஆட ஆரம்பிச்சிடும். ஆட ஆரம்பிச்சா எவனாலயும் நிறுத்த முடியாது. பாய்லரை ஒன்ற அடி முன்னால தள்ளணும்."

ராமசுப்புவுக்கு முகம் சிவந்தது. "ஃபாக்டரிக்காரன் நேத்தைக்கே கேட்டாச்சு. கிரேனும் போயிட்டு. இப்பம் வந்து ஒன்ற அடிங்கியே, வெளையாடுதியா?"

"அப்போ வேற டிரைவரை வெச்சி ஓட்டிக்க."

சத்தம் போடாமல்தான் சொன்னான். சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டான். வேறு டிரைவர் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் அங்குலம் அங்குலமாக நெம்பினார்கள். கூலியாட்கள் அவன் காதில் விழும்படியே திட்டினார்கள். ஒருவன் கையைச் சிராய்த்துக்கொண்டு, "இவனுக்கு வூட்ல ஆளா கீது? அவசரமே இல்ல பாரு," என்றான். லோகநாதன் பாய்லரின் இரண்டு பக்கமும் கட்டைகளை அடித்து, சங்கிலிகளை அவனே இறுக்கினான்.

புறப்படும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு மைல் போனதும் நிறுத்தினான். வண்டி குலுங்கியதில் சங்கிலி ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு மறுபடி எடுத்தான். சைக்கிள்காரர்கள் அவனை முந்திக்கொண்டு போனார்கள். கடற்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது.

எர்ணாவூர் தாண்டி ஒரு கால்வாய்ப் பாலம். உச்சியில் ஏறியதும் முதல் கியருக்கு மாற்றினான். பாதி இறக்கத்தில்தான் பார்த்தான்: கீழே உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி குறுக்கே நின்றிருந்தது. மாடு ஒன்று நுகத்தோடு படுத்துவிட்டது. சிவந்தி என்ற வண்டிக்காரி மாட்டின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்தும் அவள் மாட்டை விட்டு விலகவில்லை.

கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. உடனே காலை எடுத்துக்கொண்டான். லாரி சட்டென்று நின்றால், பின்னால் வரும் எட்டு டன் நிற்காது. லாரியை மடித்துத் தள்ளும். ஹார்னை விடாமல் அடித்தான். உசேன் எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். பின்னாலிருந்து கிறீச்சென்று சத்தம் வந்தது. ட்ரெய்லர் லாரியைப் பிடித்து இழுப்பது முதுகில் தெரிந்தபிறகுதான் லோகநாதன் மெல்ல மெல்லக் காலை அழுத்தினான். வால் ஆடவில்லை. லாரியும் ட்ரெய்லரும் ஒரே கோட்டில் இறங்கி, சிவந்திக்கு நாலடி முன்னால் நின்றன.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உசேன் ஓடிவந்தான்.

"மாமு! பாய்லரு காலீல இருந்த மாரியே வந்திருந்தா அல்லாரும் காலி. தெரியுமா உனுக்கு?"

லோகநாதன் தலையசைத்தான். இறங்கிப் போய், உசேனோடு சேர்ந்து மாட்டை எழுப்பி நிறுத்தி, வண்டியை ஓரமாகத் தள்ளினான்.

ஃபாக்டரியில் பாய்லரை இறக்கினார்கள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஏன் தாமதம் என்று மட்டும் கேட்டார்கள். திரும்பும் வழியில் உசேன் தன் வீட்டுத் தெருமுனையில் இறங்கினான். "வா மாமு, வூட்ல ரஹீமுன்னிசா சோறு ஆக்கி வெச்சிருப்பா."

"இன்னொரு நாள்."

ஆறு வருஷமாக அதே பதில்தான். உசேன் வற்புறுத்தவில்லை. நடந்ததைச் சொல்ல அவனுக்கு வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். நடையிலேயே வேகம் தெரிந்தது.

காலி ட்ரெய்லர் தடதடவென்று ஆட, லோகநாதன் திருவொற்றியூர் தேவகிருபையின் டீக்கடையில் நிறுத்தினான். நாலு வருஷமாக அந்தக் கடையில் அவன் சொன்ன ஒரே வார்த்தை 'டீ'. அன்றைக்கு டம்ளரைக் கையில் வாங்கியவன், "இன்னிக்கி பாலத்துல ஒரு மாடு பட்துகினு இருந்திச்சி," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

தேவகிருபை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் இரண்டு பேர் வந்து பன் கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள். அவன் டீயை ஊதினான். யாரிடம் போய் என்னத்தைச் சொல்ல வந்தோம் என்று வெட்கமாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு இறங்கப் போனான்.

"பெறவு?" என்றாள் அவள், கையைத் துடைத்தபடி. "மாடு எந்திரிச்சுதா, இல்லையா?"

லோகநாதன் பெஞ்சில் உட்கார்ந்தான். கொக்கி, ஒன்றரை அடி, ஹார்ன், நாலடி எல்லாம் சொன்னான். சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "கர்த்தர் காப்பாத்துனாரு," என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறதோ என்று அவன் யோசித்துப் பார்த்தான், இல்லை. வியாசர்பாடிக்கு வண்டியை எடுத்தான்.