ஈரச் சாலைக்கு நான்கு டயர்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அதே அறை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டில் பேசினாலும் அந்தக் கறார்தான் வரும். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறு வருடம், தன் ஐம்பத்தொன்றாவது வயதில், தரையோடு பதுங்கி நிற்கும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தாள். தெருவே வாய் பிளந்தது.

"இதுல ஏற ஒண்ணும் செய்ய வேணாம், விழுந்தா போதும். இறங்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றார் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். கிண்டல் செய்தாலும் தினமும் காலையில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து போவார்.

ஒரு மழைநாள் காலை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இறங்கும் வளைவில் அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நொடியில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றார்கள். எதிரே யாரும் வரவில்லை, நல்ல காலம். கணவர் கீழே உருண்ட சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "நான் பஸ்ல போயிக்கிறேன். நீ பார்த்துப் போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கார் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற அவளுடைய தம்பி வந்து சுற்றிப் பார்த்தான். "பட்டன் முழுசா இருக்கேக்கா, பள்ளம்கூடத் தேயல. டயர் மேல தப்பில்ல. நீதான் பதறிப்போய் அமுக்கியிருப்பே. பேசாம வித்துடு."

அவள் குந்தி உட்கார்ந்து டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை, வெடித்துக் காய்ந்த குதிகால் மாதிரி இருந்தது ரப்பர். டயர் செய்த வாரமும் வருடமும் பக்கவாட்டில் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். தேடிப் பிடித்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய டயர்.

"பட்டன் இருந்து என்னடா, ரப்பர் செத்துப்போச்சு. வண்டியை விக்க மாட்டேன். டயரை மாத்தப்போறேன்."

"அப்படின்னா ரேஸ் டயர் போடு. பின்னாடி ரெண்டு மட்டும் போதும். பசை மாதிரி ஒட்டும்."

அவள் அவசரப்படவில்லை. பத்து நாள், மதிய இடைவேளையில் டயர் சோதனை அறிக்கைகளாகப் படித்தாள். தம்பி சொன்ன டயர் காய்ந்த சாலையில், சூடு ஏறிய பிறகு, யாரையும் மிஞ்சும். காலை ஆறு மணிக் குளிரில், ஈரத்தில், அதன் கதை வேறு. தண்ணீரை வெளியே தள்ள அதில் போதிய பள்ளம் இல்லை. அதே வேகத்தில் பிரேக் பிடித்தால், ஈரத்துக்கென்று செய்த இன்னொரு டயரைவிட ஏழு மீட்டர் தள்ளித்தான் நிற்கும் என்று போட்டிருந்தது.

ஏழு மீட்டர் என்றால் எவ்வளவு? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்துக்குப் போனாள். எக்ஸ்ரே அறை வாசலில் தொடங்கி மாவுக்கட்டு அறையைத் தாண்டிப் போனது நாடா. இடையில் மூன்று தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன, மூன்றிலும் ஆள் படுத்திருந்தார்கள். பார்த்தாள், நாடாவைச் சுருட்டினாள். எந்த டயர் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை தம்பியோடு டயர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்க்காமல் தம்பியிடமே பேசினார். "சார், இந்த வண்டிக்கு இதான் சார் மாஸ்."

"வண்டி என்னோடது" என்றாள் அவள். "நான் கேட்ட டயர் இருக்கா?"

இருந்தது. உள்ளேயிருந்து நான்கும் உருண்டு வந்தன. அவள் கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தாள்.

"நாலு வருஷம் ஆயிருக்கே."

"பிரிக்காத சரக்கு மேடம். புத்தம் புதுசு."

"நீங்க பிரிக்கலன்னா அதுக்கு வயசாகாதா? புதுசா வரவழைங்க. நாலும் ஒரே மாதிரி. காத்திருக்கேன்."

"மூணு வாரம் ஆகும்."

"ஆகட்டும்."

"எக்ஸ்ரேகாரிகிட்ட எதையும் மறைக்க முடியாதுண்ணே, விடுங்க" என்று தம்பி சிரித்தான். ஆனாலும் திரும்பும் வழியெல்லாம், பக்கத்துக் கடையில் இன்றே கிடைக்கும் என்று நச்சரித்துக்கொண்டே வந்தான்.

அந்த மூன்று வாரமும் அவள் காரைத் தொடவில்லை. கணவரோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். ஒருநாள் யாரோ அவள் காலை நன்றாக மிதித்துவிட்டார்கள். "போதும், அந்த ரேஸ் டயரையே போட்டுத் தொலையேன்" என்றார் கணவர்.

"மாட்டேன்."

டயர் வந்தது. தேதி பார்த்தாள், மூன்று மாதத்துக்கு முந்தையவை. மாட்டி முடித்ததும் கடைக்காரர் கைக்கு வந்தபடி காற்றை ஏற்றப் போக, கார்க் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த காற்றழுத்த அளவைக் காட்டி அதன்படி வைக்கச் சொன்னாள். புது ரப்பரின் வழுவழுப்புப் போகட்டும் என்று இரண்டு வாரம் மாட்டு வண்டிபோல ஓட்டினாள். சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள்.

அடுத்து மழை பெய்த ஞாயிறு மதியம், மருத்துவமனைக் கிடங்கின் காலி வளாகத்துக்குக் கணவரையும் அழைத்துப் போனாள். அவர் காரில் ஏறாமல் வாடகை ஆட்டோவில் பின்னால் வந்து, குடையோடு ஓரமாக நின்றார். அவள் தூரத்திலிருந்து வேகமாக வந்து, அடையாளத்துக்குப் போட்டிருந்த சாக்குத் துண்டைத் தாண்டியதும் பிரேக்கை முழுசாக மிதித்தாள். தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. வண்டி கொஞ்சமும் திரும்பாமல் நேராக நின்றது. மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவையும் அதே கோட்டில் நின்றது.

கணவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். "கால் நனையுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே விழுந்தார். பெல்ட்டை மாட்டினார்.

வீடு வரைக்கும் கதவுக் கைப்பிடியை விடவில்லை. பாதி வழியில், "டயர் சத்தம் ஜாஸ்தியா இருக்கே?" என்றார்.

"இருக்கும். தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றாள் அவள். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."