மூச்சு வாங்கும் கடை

சித்தி எந்தக் கடையில் மூச்சு வாங்குகிறார் என்பதே ஏழு வயதில் எனக்கிருந்த தலையாய ஆராய்ச்சி.

மாநில சைக்கிள் அணிக்கான தேர்வில் முந்தைய ஆண்டு மேட்டுப் பாதையில் மூச்சுத் திணறித் தோற்றவர் அவர். எனக்கு ஏழு வயதான அந்த ஆண்டோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. இன்னொரு வாய்ப்பு இல்லை. ஆகவே ஞாயிறுதோறும், லாரிகள் ஓடாத புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைச் சாலையில் சித்தி மிதிப்பார். அம்மா பின்னால் காரில் வருவார். ஹாரன் அடித்தால் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். மறுபடி அடித்தால் மெல்ல உருள வேண்டும். பயிற்சியாளர் வகுத்த முறை அது.

வேகம் அம்மாவுக்குப் புரிந்தது. மெதுவாகப் போவதுதான் பொறுக்கவில்லை.

“ஓட்டுனா ஓட்டு, இல்லன்னா வீட்டுக்குப் போலாம். நடுவுல என்னடி சாமி ஊர்வலம்?”

“மூச்சு வாங்கிக்கிறேன் லா, அக்கா. வாங்கினாத்தானே அடுத்த தடவ செலவு பண்ண முடியும்!”

பின்னிருக்கையிலிருந்து நான் கடையைத் தேடினேன். ஒரு டயர் கடையும் பூட்டிய சாப்பாட்டுக் கடையும்தான் தென்பட்டன. வாரங்கள் செல்லச் செல்ல, சித்தி வேகமாகப் போகும் தூரம் நீண்டது. ஊர்வலமோ பழைய அளவிலேயே இருந்தது. கடைக்காரர் தாராளமானவர் என்று முடிவுசெய்தேன்.

தேர்வு அலோர் காஜா பக்கம் நடந்தது. கடைசி மேட்டுக்குச் சற்று முன், முதலில் சென்றுகொண்டிருந்த சித்தி இரு பெண்களை முந்தவிட்டு, எதிர்காற்று படாமல் அவர்கள் முதுகுக்குப் பின்னே ஒடுங்கிக்கொண்டார்.

“போச்சு. இந்த வருசமும் பின்வாங்கிட்டா,” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

எனக்கோ மகிழ்ச்சி. வாங்குகிறார் அல்லவா!

“நல்லா வாங்குங்க சித்தி! நெறைய வாங்குங்க!”

பக்கத்தில் நின்ற அங்கிள் ஒருவர், “ஏம்மா, சாமான் வாங்க பாசாருக்கா வந்திருக்க?” என்று சிரித்தார்.

மேட்டின் பாதியில் சித்தி இருக்கையை விட்டு எழுந்தார். முன்னால் போன இருவரும் திணறத் தொடங்கியிருந்தனர். அவர்களைக் கடந்து அவர் மேலேறி மறைந்தபோது, கார் இல்லாத இடத்தில் அம்மா வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சித்திக்கு அணியில் இடம் கிடைத்தது.

நாணைப் பின்னிழுத்து வில்லை வளைப்பதற்கும் பழந்தமிழில் ‘வாங்குதல்’ என்றே பெயர் என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். அம்மா பதறிச் சொன்ன சொல்லும் நான் மகிழ்ந்து கத்திய சொல்லும் ஒன்றே என்பது அன்று எனக்குத் தெரியாது. தேர்வு முடிந்து வீடு திரும்பும் வழியில், டயர் கடைக்கு எதிரே கார் மெதுவானபோது, தலையை நீட்டி அந்தக் கடையை இன்னொரு முறை தேடிப் பார்த்தேன்.