பலாமரத்தில் என் ஆணி

எங்கள் ஊரில் போன் அடிப்பது வீட்டில் இல்லை, பலாமரத்தில். ரோட்டு வளைவுக்கு மேலே பாறை ஓரமாக நிற்கிற அந்த மரத்தடியில் மட்டும்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் ஆளுக்கொரு ஆணி அடித்து, துணிப்பைக்குள் போனைப் போட்டு மாட்டிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவோம். எவர் பை அடித்தாலும் பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துப் பேசுவார். "அவரு மரவள்ளிக் காட்டுல நிக்கறாருங்க, இருங்க கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். ஆள் ஓடி வந்து பேசுவான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு போன்கூடக் காணாமல் போனதில்லை என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

அந்த மரத்தில் முதல் ஆணி என்னுடையது. ஊரில் முதல் பெரிய போனும் என்னுடையதுதான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் அப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரு கடப்பாரையும் கல்லுக் காடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். சாமை விதைத்துக்கொண்டிருந்த இடத்தில் நான் மிளகுக் கொடி ஏற்றியபோது, கொடியைத் தின்று வயிறு நிறையுமா என்று கேட்டவர்கள் இன்றைக்கு என் கொடியில் தண்டு வாங்கி நட்டவர்கள். ஊர் மிளகு மொத்தமும் என் பேச்சில்தான் மலை இறங்கும். கீழே இருக்கிற வியாபாரி அறுப்பு சமயத்தில் எனக்குத்தான் போன் போடுவார். விலை சொல்வார். நான் பேசாமல் இருப்பேன். அவரே கொஞ்சம் ஏற்றுவார். மரத்தைச் சுற்றி ஊரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் போன் எனக்கு என்னவாக இருந்தது என்று இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது.

எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு படம் வைத்திருந்தேன். வியாபாரிக்குத் தராசு. பஸ் டிரைவருக்குப் பஸ். என் மச்சானுக்கு அவன் வீட்டு நாய். அது அவனுக்குத் தெரியாது.

போன அறுப்பில், ஒரு நாள் உச்சி வேளையில் காட்டிலிருந்து மரத்தடிக்கு வந்தேன். என் பை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கனமும் சரியாக இருந்தது. கையை விட்டேன். உள்ளே கல்.

தட்டையான ஒரு கல். போன் அளவுக்குப் பார்த்துத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறான். காரில் அருவி பார்க்க வருகிறவர்கள் எடுத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கல் பொறுக்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள். பை காற்றில் ஆடினால் ஊருக்குச் சந்தேகம் வரும் என்று தெரிந்த கை அது. எங்களில் ஒருவனுடைய கை. திருட்டைவிட அந்தக் கல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன் எடுக்க வந்தபோது கேட்டேன். "காலையில இங்க யாரு யாரு வந்தீங்க?"

என் பெரியப்பன் மகன், என்னைவிடச் சின்னவன், என் காட்டை ஒட்டின காடு அவனுக்கு. அவன்தான் வாயைத் திறந்தான். "எல்லாரையும் கேக்கறீங்களா, என்னையக் கேக்கறீங்களா அண்ணா?"

"எல்லாரையும்தான்."

"அப்புறம் ஏனுங்கண்ணா என் மூஞ்சியப் பாத்துக் கேக்கறீங்க?"

"நீதான் பக்கத்துல நின்ன. பாக்காம எங்க பாக்கறது?"

அவன் தன் பையை ஆணியிலிருந்து கழற்றினான். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலிப் பையை எனக்கு நேராக உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். மற்றவர்களும் போனோடு பையையும் ஒவ்வொருவராகக் கழற்றிக்கொண்டார்கள். பறிகொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் என் சம்சாரம் மட்டும் சொன்னாள். "போனைத் தொலைச்சீங்க, சரி. இப்ப மரத்தையும் தொலைச்சுட்டு வந்து நிக்கறீங்க."

"நானா தொலைச்சேன்?"

"நானா கேட்டேன், யாரு வந்தீங்கன்னு?"

அடுத்த நாள் அவளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் நாமக்கல் இறங்கினேன். வளைவுக்கு வளைவு அவள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தாள். பழைய நம்பர் இல்லாமல் புதுப் போன் வாங்கி என்ன செய்வது? வியாபாரியிடம் இருப்பது அந்த நம்பர். முதலில் அதற்குப் போனோம்.

சிம் கொடுக்கிற ஆபீஸில் ஒரு பெண் பிள்ளை என் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு விரல். சிவப்பு. கையைக் கழுவச் சொன்னாள், துடைக்கச் சொன்னாள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கச் சொன்னாள். எல்லா விரலையும் பார்த்துவிட்டாள்.

"அய்யா, உங்க கையில ரேகையே இல்லீங்க."

"எப்படி இருக்கும் கண்ணு? மலையில போயி பாரு. நான் பேத்த ஒவ்வொரு கல்லுலயும் இருக்கும்."

"அத்தனை கல்லையும் இந்த மெஷின்ல வைக்க முடியாதுங்களே அய்யா."

என் சம்சாரம் சிரித்துவிட்டாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் சொன்னாள். மேலே எழுதிப் போட வேண்டுமாம், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். நான் உழைத்ததற்குச் சாட்சியாக இருப்பது இந்தக் கைதான். நான் யார் என்பதற்கு அந்தக் கையே சாட்சி ஆகாது என்று ஒரு சின்னப் பெட்டி சொல்கிறது.

அப்புறம் போன் கடை. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். களவு போன போன் அதைவிட அதிக விலை. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டாம் தரம் காசு கொடுக்கிறவனுக்கு முதல் தரம் இருந்த கை தாராளம் வருமா?

கடைப் பையன் டை கட்டியிருந்தான். "வாங்க தாத்தா" என்றான்.

"தாத்தா உன் ஊட்டுல இருப்பாரு. அய்யான்னு கூப்பிடு."

அய்யா ஆனதும் விலை ஏறிவிட்டது. இருபதாயிரத்தில் ஒன்றை எடுத்து வைத்து, பத்து மாதம் தவணையில் கட்டலாம் என்றான். இந்த வயது வரைக்கும் நான் தவணைக்கு ஒரு சட்டிகூட வாங்கினதில்லை என்று சொன்னேன். முகம் சுருங்கி, பத்தாயிரத்துக்குள் இருப்பதில் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று ஒல்லியாக, பளபளவென்று, முதுகில் கண் கண்ணாக கேமரா. இன்னொன்று தடியாக, அழுத்தமாக இருந்தது.

"இதுல போட்டோ சூப்பரா வரும் அய்யா."

"நான் எதைப் படம் புடிக்கப் போறேன்? மிளகையா?"

"ஏன், உங்க மச்சான் ஊட்டு நாயைப் புடிச்சீங்களே" என்றாள் என் சம்சாரம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்குள் டவர் எடுக்கிற போன். இனி அந்த மரத்தில் நான் எதையும் மாட்டுவதாக இல்லை. அதைக் கேட்டேன். டவர் போனில் இல்லை, டவரில் இருக்கிறது என்று பையன் எனக்குப் பாடம் சொன்னான். ஒரே மரத்தடியில் நிற்கிற இரண்டு போனில் ஒன்று பேசும், ஒன்று பேசாது, அதை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பார்த்ததில்லை என்று ஒத்துக்கொண்டான். தடிப் போனைத் தொட்டு, "இது கொஞ்சம் நல்லா இழுக்கும்" என்றான்.

"அப்ப இதை மேல கொண்டுபோயி எங்கூட்டுல வெச்சுப் பாக்கறேன். இழுத்தா காசு. இழுக்கலைன்னா போன்."

"பெட்டிய உடைச்சா திருப்பி எடுக்க மாட்டோமுங்க."

"நான் பலாப்பழம் விக்கறவன். அறுத்து, ஒரு சுளை திங்கக் கொடுத்துத்தான் காசு வாங்குவேன். சுளை புளிச்சா பழம் என்னோடது. உன் பழத்தை மட்டும் மூடியே விப்பியா?"

"கம்பெனி ரூலுங்க அய்யா."

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அங்கே வாங்க வந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் விலை ஏறும். அந்தக் கடையில் வாயைத் திறந்து நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. பணத்தைக் கொடுத்து, தடிப் போனை வாங்கினேன். பூட்டிக்கொள்ள ரேகை வையுங்கள் என்று அதுவும் கேட்டது. வேண்டாம், திறந்தே கிடக்கட்டும் என்றேன்.

அந்த ஒரு வாரம், பேசாத புதுப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். முன்னே என் பழைய போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்த ஊரில், இதை எங்கே காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. மெல்ல மெல்லப் பைகள் மரத்துக்குத் திரும்பின. என் பெரியப்பன் மகன் பையும் வந்தது. என் ஆணி மட்டும் காலியாக இருந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல் பாறைக்குக் கீழ்வழியில் காட்டுக்குப் போய் வந்தேன்.

சொன்னபடி ஒரு வாரம் கழித்து நாமக்கல் போய் நம்பரை வாங்கி வந்தேன். அன்றைக்கே வீட்டில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இல்லை. வாசலில் இல்லை. கூரைமேல் ஏறி நின்றேன், அங்கேயும் இல்லை. சம்சாரம் கீழே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல ஏறுங்க, வானம் இருக்குது" என்றாள். கடைசியில் குப்பைமேட்டின் மேல் ஒரு கோடு வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த மாடு தலையை ஆட்டியதும் அதுவும் போனது. பத்தாயிரம் ரூபாய்ப் போன் எனக்குப் பேசுவதற்குக் கொடுத்த இடம் அது.

வேறு வழி இல்லாமல் மரத்தடிக்குப் போனேன். மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தராசுப் படம் திருட்டோடு போய்விட்டதால் நானாக வியாபாரியைக் கூப்பிட வழி இல்லை. காத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார்.

"ஒரு வாரமா உங்க நம்பரு அணைஞ்சே கிடந்துச்சுங்களே. ஏதாச்சும் உடம்புக்கு முடியலையோன்னு நெனச்சேன்."

"போனு களவு போச்சுங்க. மிளகு மூட்டை கட்டி வெச்சிருக்கறேன். விலையச் சொல்லுங்க."

இந்தத் தடவை பேசாமல் இருந்தது அவர்.

"உங்க தம்பி ஒருத்தரு இருக்காருல்ல, ஒருக்கா சார்ஜ் இல்லைன்னு அவரு போன்ல நீங்க பேசினீங்களே. அந்த நம்பருக்குப் போட்டேனுங்க. அண்ணனைக் கூப்பிடுங்கன்னேன். அவரு இங்க வரதில்லீங்கன்னாரு. சரக்கு எனக்கு அவசரமுங்க. அவருகிட்டயே பேசி முடிச்சுட்டேன். ஊரு மிளகு மொத்தமும் அவரே சேத்து அனுப்பறேன்னாரு. உங்களதையும் அதுலயே போட்டுருங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது."

சரிங்க என்றேன். என் பெரியப்பன் மகன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் அங்கே வராமல்தான் இருந்தேன். ஆனால் என் வீடு மரத்திலிருந்து கூப்பிடுகிற தூரம். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். முன்னே அவன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த சேதி வந்தபோது, அவன் போனை எடுத்துப் பேசி, பள்ளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டவன் நான்.

போனைச் சட்டைப் பையில் போடும்போது பக்கத்தில் ஒரு பை அடித்தது. அவன் பை. கீழே மரவள்ளிக் காட்டில் அவன் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் அவன் ஆணி. நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சம்சாரம் அடுப்படியிலிருந்து கேட்டாள். "மரத்துல யாரு போனுங்க அவ்வளவு நேரமா அடிக்குது?"

"தெரியல."

"தம்பி போனாட்டம் கேக்குது."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, பள்ளத்தைப் பார்த்து, "சாமீ, உன் போனு அடிக்குது" என்று சத்தம் போட்டாள்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. "அடிக்கட்டும் விடுங்க அண்ணி. மரத்தடியில அண்ணன் நின்னாரு, பாத்துட்டுத்தான் இருந்தேன்."