பூதத்துக்கு வாய்தா

பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி ஒரு பொங்கலுக்கு வந்தபோது, இருபது முகமுள்ள பகடை ஒன்றைக் கொடுத்து ஒரு விளையாட்டையும் சொல்லிக்கொடுத்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். விதிப்புத்தகத்தை மட்டும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான், வக்கீல் குமாஸ்தாவான என் நண்பன், தையல் கடை நடத்திய அவன் மனைவி. ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் ஆட்டம். கதை சொல்வது நான்.

கல்வராயன் மலையில் ஒரு குகை, உள்ளே ஒரு பூதம் என்று வைத்தேன். இரண்டாம் வாரமே பூதம் நண்பனின் வீரன்மேல் கையை ஓங்கிவிட்டது. தப்பிக்கப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

“செத்தடா,” என்றேன்.

“இரு, இரு. எனுக்கு வாய்தா குடு.”

“பூதத்துகிட்ட இன்னாடா வாய்தா?”

“கோர்ட்டுல குடுக்கறாங்க, குகையில குடுக்க மாட்டியா?”

சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவருக்கு அடுத்த வாரம்வரை வாய்தா உண்டு என்று நோட்டில் எழுதினேன். எத்தனை தடவை என்று எழுதாமல் விட்டது என் தப்பு. குமாஸ்தா அதைத்தான் முதலில் கவனித்தான். அடுத்த வாரம் வீரனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் வீரனின் மாமா கச்சிராயபாளையத்தில் இறந்துபோனார். பூதம் ஓங்கிய கையோடு நின்றது. நண்பனின் மனைவி ஆடிய மந்திரக்காரி, பக்கத்திலேயே தீப்பந்தம் பிடித்தபடி நின்றாள்.

“எனுக்குக் கை வலிக்குதுண்ணா,” என்றாள் அவள், நான்காம் ஞாயிறும் கடந்தபின். “நான் பூதத்தோட வக்கீலா வரேன். அதுக்கு ரூல் கீதா?”

“இல்லம்மா.”

“அப்ப எழுதுங்க.”

எழுதினேன். நண்பன் வாயைத் திறப்பதற்குள், பஜ்ஜி வாங்கி வரச் சொல்லி அவனைத் தெருமுனைக்கு அனுப்பினாள். செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் வாசலில் நின்று, கோர்ட் டவாலி கூப்பிடுகிற ராகத்திலேயே வீரனின் பெயரை மூன்று தரம் அழைத்தாள்.

“ஆளு வரல. எக்ஸ்பார்ட்டி குடுங்கண்ணா.”

ஆள் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்வது கோர்ட் வழக்கம். கதை சொல்கிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும்தான். ஆனால் இத்தனை வாரமாக நானும் கடுப்பில் இருந்தேன். பூதத்தின் கையை வீரன் தலைமேல் இறக்கிவிட்டேன். ஒரே அடியில் செத்தான்.

பொட்டலத்தோடு வந்தவன் குதித்தான். “என் வூட்லயே எனுக்குத் தெரியாம தீர்ப்பா?”

“மனு போட்டுக்கோங்க,” என்றாள் அவள், பஜ்ஜியை ஊதிக்கொண்டே.

போட்டான். மறுநாளே என் கடைக்கு வந்து, டைப் அடித்த மனுவை நீட்டி மூன்று நகல் எடுக்கச் சொன்னான்.

“ஒண்ணு உனுக்கு, ஒண்ணு எனுக்கு. இன்னொண்ணு பூதத்தோட வக்கீலுக்கு. அத்த நீயே குடுத்துடு, நான் குடுத்தா வாங்க மாட்டா.”

மனுவை ஏற்று வீரனைப் பிழைக்க வைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிவரை ஒத்துக்கொள்ளாததால், அந்த அடியில் பிய்ந்த வீரனின் வலது காதை மட்டும் பூதம் திருப்பித் தரவில்லை.